பென்ஷன் பார்ம்ல அவசரப்பட வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மதுரை சுத்துவட்டாரத்துல மில்லுல வி.ஆர்.எஸ்.னு விருப்ப ஓய்வு வாங்கிட்டு அம்பது வயசுக்கு மேல வீட்டுல உக்காந்திருக்கிறவங்க நிறைய பேரு, அதுல நானும் ஒருத்தன், வயசு 54. எங்க ஆளுங்களுக்கு உங்க பேப்பர் வழியா ஒண்ணு சொல்லணும், பி.எஃப். பென்ஷனுக்கு அவசரப்பட்டு கையெழுத்து போட்டுறாதீங்க.

வேலைய விட்ட புதுசுல மனசு ஒரு நிலையில இருக்காது. காலைல நாலு மணிக்கு தன்னால முழிப்பு வந்துரும், போறதுக்கு ஷிப்ட் இருக்காது. ஸ்பின்னிங்ல மிஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே பேசிப் பழகுன தொண்டை, வீட்டுல காபி கேட்டாலே சண்டைக்கு வர்ற மாதிரி இருக்குன்னு பிள்ளைங்க சொல்லுதுங்க. ரேஷன் கடை, கரண்ட் பில்லு, கேஸ் சிலிண்டர்னு எதுக்கெடுத்தாலும் "அண்ணே நீங்க சும்மாதான இருக்கீங்க"ன்னு வந்து நிப்பாங்க, செட்டில்மெண்ட் வந்தது தெரிஞ்சு கடன் கேட்டு வர்ற சொந்தபந்தம் வேற. அப்பத்தான் மாசாமாசம் ஒரு தொகை வந்தா வீட்டுல மதிப்பா இருக்கும்னு தோணும். காசுக் கஷ்டத்தைவிட இந்த நெனப்புதான் ஆளப் போட்டு அரிக்குது, நேரா பிரவுசிங் சென்டருக்குப் போய் பென்ஷன் கேக்குற 10டி பார்ம் போட்டுட்டு வந்துர்றாங்க.

பி.எஃப். பென்ஷன் முழுசா கிடைக்கிறது 58 வயசுலதான். பத்து வருஷ சர்வீஸ் இருந்தா 50-லயே வாங்கலாம், ஆனா 58-க்கு எத்தனை வருஷம் குறையுதோ, வருஷத்துக்கு 4 சதவீதம் குறைச்சிருவாங்க. 6,000 ரூபா வர வேண்டியவரு 54-லயே வாங்குனா மாசம் 900-க்கு மேல கொறஞ்சு போயிரும், 58 முடிஞ்சாலும் அது திரும்ப ஏறாது, ஆயுசுக்கும் கொறஞ்ச தொகைதான். அதையே 60 வரைக்கும் தள்ளிப்போட்டா வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். அடுப்பு எரியவே வழியில்லாதவங்க வாங்கித்தான் ஆகணும், அவங்கள நான் சொல்லல. பிள்ளைங்க சம்பாதிக்கிற வீட்டுல, கௌரவத்துக்காக பார்ம் போடுறவங்களத்தான் சொல்றேன், அதுக்குப் பதிலா ஒரு சின்ன வேலை பாருங்க, வாட்ச்மேன் வேலையா இருந்தாலும் சரி, வெளிய போயிட்டு வந்தா மனசும் தெளியும்.

தொழிலாளிங்களுக்கு வைத்தியம் பாக்குற இ.எஸ்.ஐ.யும் வேலையோட போச்சுன்னு பல பேரு நெனச்சுக்கிறாங்க. அஞ்சு வருஷமாவது இ.எஸ்.ஐ.ல இருந்துட்டு வி.ஆர்.எஸ்.ல வந்தவங்க வருஷத்துக்கு 120 ரூபா கட்டினா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வைத்தியம் பாத்துக்கலாம்.

சொக்கிகுளம் பி.எஃப். ஆபீசுல போய் கேக்கலாம்தான், ஆனா உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து ஆளுங்களுக்கு அது ஒரு நாள் பொழப்பு. மாசாமாசம் 27-ம் தேதி மாவட்டத்துக்கு ஒரு இடத்துல பி.எஃப். குறைதீர் முகாம் நடக்குது, அந்த இடத்தை முந்தின வாரமே உங்க மதுரை பதிப்புல கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டீங்கன்னா, பார்ம் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய் கேட்டுட்டு வருவாங்க.

இப்படிக்கு,
முன்னாள் மில் தொழிலாளி,
பழங்காநத்தம், மதுரை.