தவணை முடிவும் எலன் வில்கின்சன் ஒப்படையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தத் தவணை நல்லபடியாக முடிந்தது. பேச்சுப் போட்டியிலும் குறள் மனனத்திலும் பிள்ளைகள் உற்சாகமாகப் பங்கெடுத்தார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

ஏழாம் வகுப்பு ஒப்படையைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சனைப் பற்றி 150 சொற்கள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பலவற்றில் ஒரே பிழைகள், அதே வரிசையில்.

1924 முதல் இறக்கும்வரை அவர் தொடர்ந்து உறுப்பினர் என்கிறார்கள். மிடில்ஸ்பரோ கிழக்குத் தொகுதியில் 1931இல் தோற்று, 1935இல்தான் ஜாரோ தொகுதியிலிருந்து மீண்டும் வந்தார். வேலையற்றோர் வேலை கேட்டு மனுவோடு ஜாரோவிலிருந்து லண்டனுக்கு நடந்த 1936 ஜாரோ நடைப்பயணத்தில், முழுவதும் அவர் நடக்கவில்லை. இடையில் எடின்பரோவில் தொழிற்கட்சி மாநாட்டுக்குப் போய்த் திரும்பினார். ஆனால் நவம்பர் 4 அன்று அந்த மனுவைப் பாராளுமன்றத்தில் கொடுத்தவர் அவரே.

பெரிய பிழை, கல்விச் சட்டத்தை வில்கின்சன் கொண்டுவந்தார் என்பது. 1944 சட்டத்தைக் கொண்டுவந்தவர் பழமைவாதக் கட்சியின் பட்லர். வில்கின்சன் 1945இல் கல்வி அமைச்சராகி அதை நடைமுறைப்படுத்தினார். கட்டடமும் ஆசிரியர்களும் போதாத நிலையில், பள்ளி விடும் வயதை 15 ஆக்குவதைத் தள்ளிப்போட அமைச்சரவையில் பேச்சு எழுந்தபோது எதிர்த்து நின்றார். 1947 ஏப்ரல் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அவரோ பெப்ரவரி 6ஆம் திகதியே காலமாகிவிட்டார். பிள்ளைகள் மனதில் நிற்க வேண்டிய இடம் இது. ஒரு கட்டுரையிலும் இல்லை.

சட்டம் வந்த ஆண்டையும் அமைச்சர் பதவியேற்ற ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாததால்தான் இந்தக் குழப்பம். ஒரு தாளில் கோடு போட்டு 1891 (அவர் பிறந்த ஆண்டு), 1924, 1931, 1935, 1936, 1944, 1945, 1947 என்று பிள்ளையையே குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சம்பவத்தையும் அதில் வைத்தால் பொருந்தாதது தானாகத் தெரியும். பிறகு இரண்டு இடங்களில் சரிபார்த்து, சொந்தக் கையெழுத்தில் எழுதட்டும். பாராளுமன்றத்தில் நடந்ததற்கு, அதன் அதிகாரபூர்வ உரைப் பதிவான ஹன்சார்ட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: பெற்றோரோ கணினியோ எழுதிய கட்டுரைக்கு இனிப் புள்ளி கிடையாது. அது திருப்பி அனுப்பப்படும்.

உதவ வேண்டும் என்ற அக்கறையில்தான் செய்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். வேலைக் களைப்போடு வார இறுதியிலும் பிள்ளைகளைக் கூட்டி வருகிறீர்கள், மனமார்ந்த நன்றி. திருத்திய ஒப்படைகளை அடுத்த தவணையின் முதல் சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். கோடு போட்ட தாளையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்கும் புள்ளி உண்டு.

அன்புடன்,
தலைமையாசிரியர்