செயலாளரின் ஆண்டறிக்கை: ஜூலை 2020 – ஜூன் 2021

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வட சென்னை ஒட்டுண்ணி ஆய்வகப் பணியாளர்களாகிய நமக்கு இது நுண்ணோக்கிக்கு உறை போட்ட ஆண்டு. உறுப்பினர்கள் பலர் கொரோனாவைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் பணிக்கு மாற்றப்பட்டார்கள். கூட்டங்கள் ஜூமில் நடந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

ஊரில் எல்லோருக்கும் ஒருசேரப் புழு மருந்து கொடுப்பதையும் வீடு வீடான கணக்கெடுப்பையும் தள்ளிவைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரல் 1 அன்றே சொல்லிவிட்டது. ஜூலையில், ஆபத்தையும் பலனையும் எடைபோட்டு மீண்டும் தொடங்கலாம் என்றது. காகிதத்தில் தொடங்கலாம். யானைக்கால் புழுவின் குஞ்சுகளான மைக்ரோஃபைலேரியா பகலெல்லாம் நுரையீரலில் ஒதுங்கியிருந்து, இரவு 10 மணி முதல் 2 மணி வரைதான் விரல்நுனி ரத்தத்தில் மிகுதியாக ஓடும். 2021 ஏப்ரல் 20 முதல் வந்த இரவு ஊரடங்கும் அதே 10 மணிக்குத்தான் தொடங்கியது. புழு வரும் நேரத்தில் ரத்தம் எடுப்பவர் தெருவில் இறங்க முடியவில்லை.

பகலிலேயே பார்க்கலாம் என்று யானைக்கால் புழுவுக்கான ஆன்டிஜென் சோதனைப் பட்டையைப் பலர் கேட்கிறார்கள். அதற்கு 75 மைக்ரோலிட்டர் ரத்தம் வேண்டும், சரியாக 10ஆவது நிமிடத்தில் படிக்க வேண்டும். பாதுகாப்பு உடையோடு அடுத்த வீட்டையும் முடித்துவிட்டு வந்து படித்தால் இல்லாத கோடும் தெரியும். தவிர, அது முதிர்ந்த புழுவின் தடத்தைக் காட்டுமே ஒழிய, ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா ஓடுகிறதா என்று சொல்லாது. பரவல் நின்றதா என்று பார்க்கும் ஆய்வு 6, 7 வயதுப் பிள்ளைகளிடம் நடப்பது. தொடக்கப்பள்ளிகளோ 2020 மார்ச்சில் மூடியவை இந்த அறிக்கை ஆண்டு முழுதும் திறக்கவில்லை. வீடு வீடாகப் போனால் ஆளும் செலவும் பல மடங்கு.

குடற்புழு ஆய்வு இன்னும் மோசம். புழு முட்டைகளை எண்ணும் காட்டோ-காட்ஸ் முறையில் 41.7 மில்லிகிராம் மலத்தை அச்சில் நிரப்பி, கிளிசரினில் ஊறிய செலோஃபேன் மூடி, எண்ணிய முட்டைகளை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு வரும். ஆனால் கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. கிளிசரின் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். தொற்றுக்காகத் தகரம் அடித்து மூடிய தெருவிலிருந்து மாதிரி டப்பாவை வெளியே கொண்டுவரவே பாதி நாள் ஆனால் மலத்திலிருக்கும் முட்டையும் சிதையத் தொடங்கும். அப்படி வந்த 'முட்டை இல்லை' என்ற முடிவை நான் நம்பமாட்டேன். உறுப்பினர்களும் மாதிரி எடுத்த நேரத்தையும் படித்த நேரத்தையும் பதிவேட்டில் தனித்தனியே எழுத வேண்டும்.

மருந்துப் பக்கம் மே மாதம் அடி விழுந்தது. கருப்புப் பூஞ்சை பரவியபோது அதற்கான லைப்போசோமல் ஆம்போடெரிசின் மருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு வந்தது. மண்ணீரலை வீங்கவைக்கும் ஒட்டுண்ணி நோயான காலா-அசார் நோயாளிக்கும் அதே மருந்துதான்: அது கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே தவணை: 50 கிலோ ஆளுக்கு 50 மில்லிகிராம் குப்பி பத்து. கருப்புப் பூஞ்சைக்குக் கிலோவுக்கு 5 வீதம் தினமும், வாரக்கணக்கில். கருப்புப் பூஞ்சை நோயாளியின் இரண்டு நாள் மருந்து பீகாரில் ஒரு காலா-அசார் நோயாளியின் முழுச் சிகிச்சை. 1903இல் மருத்துவர் டோனவன் காலா-அசார் ஒட்டுண்ணியை மண்ணீரல் மாதிரியில் கண்டது நம் சென்னையில்தான் என்பதை இளையவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

ஸ்லைடு படிக்கும் பயிற்சியை இணையத்தில் நடத்தியது சரிவரவில்லை. யானைக்கால் புழுக்களில் இரு வகை: வூச்சரேரியாவின் மைக்ரோஃபைலேரியாவுக்கு வால்நுனியில் உட்கரு இல்லை, புருஜியா மலாயிக்கு இரண்டு உண்டு. நுண்ணோக்கியின் நுண்திருகைச் சுழற்றிப் பார்க்காமல் நிழற்படத்தில் இது பிடிபடாது. அனுமதி கிடைத்ததும் நேரடி வகுப்பு, மேசைக்கு ஒருவராக நடக்கும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இவ்வறிக்கையை அவையின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்