பிரிட்டன் விசா: காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

பெற்றோர்களுக்கு வணக்கம். செப்டம்பரில் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் இது பொருந்தும். இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் பிரிட்டனில் தங்கப் போகிறவர்கள், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் டிபி (காசநோய்) இல்லை என்ற சான்றிதழ் வாங்கியாக வேண்டும்.

1. பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் எடுத்தால்தான் செல்லும். தெருமுனை லேப் எக்ஸ்ரே வேண்டாம், காசுதான் தண்டம். பட்டியல் பிரிட்டன் அரசு இணையதளத்தில் இருக்கிறது.

2. பாஸ்போர்ட் கட்டாயம். பெண் பிள்ளைகள் கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

3. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். ஜூன் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் மூன்று நாள் காலைச் சளி கேட்பார்கள். அதில் கிருமி வளர்கிறதா என்று லேபில் வைத்துப் பார்க்க எட்டு வாரம் வரை ஆகலாம். கடைசி நேரத்தில் போனால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

4. நோய் இருப்பதாகத் தெரிந்தால் பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பொதுவாக ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசம். முடித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். "நம்ம வீட்டில் யாருக்கும் வராது" என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுவோம்.

அப்புறம், அங்கே போனதும், நோயாகாமல் உடலில் உறங்கும் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடலாம். கூப்பிட்டால் போகச் சொல்லுங்கள்.

சந்தேகங்களுக்கு ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழு அழைப்பு. பரிசோதனை முடித்தவர்கள் 'முடிந்தது' என்றும், மற்றவர்கள் போகும் தேதியையும் வெள்ளிக்குள் இங்கே போடுங்கள். சான்றிதழ் படத்தைக் குழுவில் பகிர வேண்டாம்.