எரிந்த கரும்பும் சர்க்கரைக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'கெய்மாடா' (1969) படத்துக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஒரு கரும்புத் தீவில் அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டிவிடும் ஆங்கிலேய ஏஜெண்ட் வாக்கர், அவன் தலைவனாக்கும் ஹொசே டோலோரஸ் இருவரின் கதை அது. ஆனால் கட்டுரையாளர் அதை இரு ஆண்களின் நட்பு, துரோகம் என்ற அளவில் நிறுத்திவிட்டார். பிற்பகுதியில் தீவே பற்றி எரிவதையும் 'ஒளிப்பதிவின் உச்சம்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். போர்த்துகீசிய மொழியில் 'கெய்மாடா' என்றாலே எரிக்கப்பட்டது என்றுதான் பொருள். அந்தத் தீயைப் பற்றிப் பேசாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது.

அதற்கு முன் ஒரு திருத்தம். படத்தில் போர்த்துகல் ஆளும் கெய்மாடா கற்பனைத் தீவு. கரீபியன் கடலில் போர்த்துகலுக்குக் கரும்புத் தீவு எதுவும் இருந்ததில்லை. திரைக்கதையில் தீவை ஆளும் நாடாக முதலில் இருந்தது ஸ்பெயின். ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கொடுத்த நெருக்கடியால் அது போர்த்துகல் ஆனது. வாக்கர் என்ற பெயருக்கு மட்டும் வரலாற்றில் ஆள் உண்டு. 1856இல் நிகராகுவாவின் அதிபராகிவிட்ட அமெரிக்கக் கூலிப்படைத் தலைவன் அவன்; 1860இல் ஹோண்டுராஸில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

இனி தீ. கரும்புத் தீவுகளில் அது அடிமைகளின் ஆயுதம். 1791 ஆகஸ்டில் ஹைத்தியின் வடக்குச் சமவெளித் தோட்டங்கள் எரிந்தன. 1831 டிசம்பர் 27 இரவு ஜமைக்காவில் கென்சிங்டன் தோட்டத்தில் எழுந்த தீயே கிளர்ச்சிக்கு அடையாளமானது. வயலுக்கு மட்டும் தீ வைத்தால் முதலாளி தப்பித்துக்கொள்வான். சோகை, அதாவது காய்ந்த தோகைதான் எரியும், தண்டில் சாறு இருக்கும். ஓரிரு நாளில் வெட்டி ஆலைக்குக் கொண்டுவந்துவிட்டால் சர்க்கரை எடுத்துவிடலாம். தாமதித்தால் சாறு புளித்துவிடும், எவ்வளவு காய்ச்சினாலும் சர்க்கரை மணி கட்டாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் சக்கைக் கொட்டகையையும் கொளுத்தினார்கள். சாறு காய்ச்சும் கொப்பரைகளுக்கு அடுப்பெரிப்பது பிழிந்து உலர்ந்த சக்கைதான். அது போனால் அந்தப் பருவமே போயிற்று.

இந்த அறிவு அவர்களுக்கு ஆலையிலிருந்தே வந்தது. அறுவடை மாதங்களில் இரவும் பகலும் முறைவைத்து வேலை. நிமிர்ந்து நிற்கும் மூன்று உருளைகளுக்கு இடையே கரும்பைக் கையால் கொடுக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் கை முழுவதையும் உருளை உள்ளே இழுத்துக்கொள்ளும். கையை வெட்டி ஆளை மீட்பதற்கென்றே பக்கத்தில் ஒரு கத்தி வைத்திருப்பார்கள். அங்கிருந்து சாறு கொப்பரைக்குப் போகும். பெரியதிலிருந்து சிறியதாக நான்கைந்து கொப்பரைகள் ஒரே அடுப்பின் மேல் வரிசையாக இருக்கும். சுண்ணாம்பு போட்டு, நுரையில் ஏறும் அழுக்கை அள்ளி, அடுத்ததற்கு மொண்டு ஊற்றிக்கொண்டே வர வேண்டும். கடைசிக் கொப்பரையில் பாகின் பதம் பார்த்து இறக்குபவரும் அடிமைதான். அவர் ஒரு நிமிடம் பிந்தினால் அந்தக் கொதி முழுவதும் கருகிவிடும்.

படம் ஆலைக்குள் இவ்வளவு தூரம் நுழையவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே குறைதான். ஆனால் தீ கைமாறுவதைத் துல்லியமாகக் காட்டுகிறது. பழங்குடிகளை அடக்கப் போர்த்துகீசியர்கள் ஒருமுறை தீவை எரித்துவிட்டுத்தான் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தார்கள் என்று கதை தொடங்குகிறது. முதல் கிளர்ச்சிக்குப் பத்தாண்டு கழித்துச் சர்க்கரைக் கம்பெனியின் ஆளாகத் திரும்பும் வாக்கர், மறுபடி கிளர்ந்துவிட்ட ஹொசே டோலோரஸைப் பிடிப்பதற்காக மறுபடியும் எரிக்கிறான். காக்க வந்த கரும்பையே கொளுத்தலாமா என்று கம்பெனிக்காரன் பதறுகிறான். ஒரு தீவின் கரும்பு போனால் நஷ்டம். ஹொசேயின் பெயர் அடுத்த தீவுக்குப் பரவினால் தொழிலே போய்விடும். வாக்கர் போடும் கணக்கு இதுதான்.

அடிமையை விடுவிக்கும்படி முன்பு தோட்ட முதலாளிகளிடம் அவன் வாதாடுவதும் இதே கணக்கில்தான். மனைவியையும் விலைமாதையும் ஒப்பிட்டு அவன் பேசுவது கேட்கக் கூசுகிறது. ஆனால் அவன் சொல்வது வரவு செலவு. அடிமைக்கு வேலை இல்லாத நாளிலும் சோறு போட வேண்டும், கூலியாளுக்கு வேண்டாம். பிரிட்டிஷ் அரசு 1833 சட்டத்தின் கீழ் 2 கோடி பவுண்டு இழப்பீட்டை முதலாளிகளுக்குத்தான் கொடுத்தது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. 'மனிதநேயத்தால் விடுதலை' என்று கட்டுரையாளர் எழுதும்போது இதையும் சேர்த்திருக்க வேண்டும். பிரெஞ்சுத் தீவுகள் 1848இல் அடிமைமுறையை ஒழித்தபின் அந்த வயல்களுக்கு ஆள் தேடி வந்த இடங்களில் புதுச்சேரியும் காரைக்காலும் உண்டு. 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. குவாதலூப்பில் இன்றும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன.

ஹொசேயாக நடித்த எவரிஸ்டோ மார்க்கெஸ் அதற்கு முன் நடித்தே இராத மாடு மேய்ப்பவர். தப்பியோடிய அடிமைகள் உருவாக்கிய கொலம்பிய ஊரான சான் பசிலியோ தெ பலெங்கேயைச் சேர்ந்தவர். கட்டுரையில் வாக்கராக நடித்த மார்லன் பிராண்டோவுக்கு நான்கு பத்தி, இவருக்குப் பெயர்கூட இல்லை.

படத்தைத் திரையிட நினைக்கும் குழுக்களுக்கு ஒரு தகவல். ஆங்கிலப் பிரதி 112 நிமிடம், இத்தாலியப் பிரதி 132 நிமிடம். பிராண்டோவின் சொந்தக் குரல் ஆங்கிலப் பிரதியில் மட்டுமே உண்டு. ஆனாலும் வெட்டப்படாத நீண்ட பிரதியைத் தமிழ் வசன வரிகளோடு போடுவதே நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விழுப்புரம்.