புல்தரைக்கு அடியில் ஓர் ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் அங்கே காலார நடந்துவிட்டு வந்தவர். நானோ முழங்கால் தேய்மானத்தால் தெருமுனைக்குப் போகவே யோசிக்கிறவன். மகள் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்த இணைய உலாக்கள் வழியாகத்தான் பத்து நாளாக அந்தப் பூங்காவைச் சுற்றி வருகிறேன். இருந்தாலும் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

அங்குள்ள ஏரியையும் காட்டையும் இயற்கை தந்த கொடை என்கிறார் கட்டுரையாளர். ஏரி, குளம், அருவி அத்தனையும் மனிதர் வெட்டி உண்டாக்கியவை. 1858இல் ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற வடிவமைப்பாளர்கள் இருவரும் பூங்கா வடிவமைப்புப் போட்டியில் வென்ற திட்டம் அது. ராம்பிள் என்ற காட்டுப் பகுதியில் சலசலக்கும் ஓடை ஒன்றில் ஓடுவது குழாய்த் தண்ணீர். திருகை மூடினால் நின்றுவிடும்! நேரில் போனவரையே நம்பவைத்திருக்கிறார்களே, கெட்டிக்காரர்கள்தான். நிஜமாகவே பழசு என்றால் பாறைகள். அம்பயர் ராக் என்ற பாறையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏர் ஓட்டிய சால் மாதிரி நீளநீளமான கீறல்கள். பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாளம், அடியில் சிக்கிய கற்களால் உரசிவிட்டுப் போன தடம்.

இரண்டாவதுதான் எனக்கு உறுத்தல். நான் முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்தவன். 843 ஏக்கர் என்று படித்ததுமே, நிலம் யாருடையதாக இருந்தது என்றுதான் மனம் போனது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. உலாவில் இருந்தது. மேற்குப் பக்கம் 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையே செனெகா வில்லேஜ் என்று ஓர் ஊர். 1825இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞர், ஷூ பாலிஷ் போடுகிறவர், 125 டாலருக்கு மூன்று மனை கிரயம் வாங்கினார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வாங்கினார்கள். 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருந்தால்தான் கறுப்பினத்தவருக்கு ஓட்டு என்று அன்று அந்த மாநிலத்தில் சட்டம். அவர்களுக்கு மனை என்பது வெறும் மனை இல்லை. மூன்று தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஏறக்குறைய 225 பேர். 1857இல் பூங்காவுக்காக நில எடுப்பு செய்து ஊரையே காலி பண்ணிவிட்டார்கள். கிரயப் பத்திரம் வைத்திருந்தவர்களையும் சேர்த்து ஆக்கிரமிப்பாளர் என்றே அன்றைய பத்திரிகைகள் எழுதின. இழப்பீடு கொடுத்தார்கள், போதவில்லை என்று முறையிட்டவர்களும் உண்டு. இதெல்லாம் எனக்குப் புதுக் கதையா என்ன!

1856இன் நில எடுப்பு வரைபடத்தில் வீடு வீடாகக் குறித்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அதே இடத்தை இன்றைய படத்தில் தேடினால் புல்தரையும் மரங்களும்தான். 2011இல் தோண்டியபோது ஒரு வீட்டின் அஸ்திவாரமும், தேநீர்க் கெண்டியும், ஒரு குழந்தையின் காலணியும் கிடைத்தன. நடந்து போகிறவர் காலுக்கு இது தட்டுப்படாது. யாராவது சொல்ல வேண்டும்.

பெதஸ்டா நீரூற்றின் தேவதைச் சிலையைக் கட்டுரையாளர் அழகாக வர்ணித்திருந்தார். அதைச் செய்தவர் எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண் என்பதையும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். பறவை விஷயத்தில் மட்டும் நான் தோற்றேன். இருநூறுக்கும் மேற்பட்ட வகை வந்துபோகிற இடமாம். பத்து நாளில் நான் பார்த்தது ஒரே ஒரு அணில்.

கட்டுரையாளர் மறுபடி அங்கே போனால், மேற்கு 85ஆம் தெரு வாசல் வழியாக நுழையச் சொல்லுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நில அளவர், கும்பகோணம்.