50 மி.மீ. போர் கிட் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் ஐயா,

சின்ன ஸ்கூட்டர்களில் வரும் 139 கியூஎம்பி எஞ்சினின் 39 மி.மீ. போரை (சிலிண்டரின் உள்விட்டம்) 50 ஆக்கினால், 41.5 மி.மீ. ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் ஓடும் தூரம்) 49 சிசி வண்டி 81 சிசி ஆகிவிடும். உங்கள் கணக்கில் குற்றமில்லை. கிட் பெட்டியில் சிலிண்டர், பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் இருக்கின்றன, 'ரேஸிங்' என்று எழுதிய ஸ்டிக்கர்கூட இருக்கிறது. பூட்டும் முறை எழுதிய ஒரு தாள் மட்டும் இல்லை. வண்டி இழுக்கவில்லை என்று கேட்டால், "பூட்டுனதுல தப்பு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தத் தப்பு எங்கே நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? கிராங்க் தண்டின் முனையிலுள்ள மேக்னட்டின் 'டி' குறியை (பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டுவது) எஞ்சின் கேஸின் குறிக்கு நேரே நிறுத்தி, வால்வுகளைத் திறக்கும் கேமின் பல்சக்கரத்தில் பெரிய துளை வெளியே பார்க்க, சிறு துளைகள் இரண்டும் ஹெட் விளிம்புக்கு இணையாக இருக்க, செயினை மாட்டுகிறார்கள். பார்வைக்கு எல்லாம் சரிதான். ஆனால் செயினின் இழுக்கும் பக்கத்தில் தொய்வு இருந்தால், செயினை இறுக்கும் டென்ஷனரை விட்டதும் அது இழுபட்டு, குறி ஒரு பல் தள்ளிப் போய்விடும். டென்ஷனரை விட்டபின் எஞ்சின் ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றி, 'டி' நேரே வரும்போது வால்வுகளை அழுத்தும் ராக்கர் இரண்டும் தளர்வாக இருக்கின்றனவா, துளைகள் இணையாக நிற்கின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டும். இதை எழுத நான்கு வரி போதும். கேமில் ஒரு பல் தவறினால் கிராங்கில் அதன் இரண்டு மடங்கு கோணம் தவறும்.

அப்படித் தவறிய வண்டி கிளம்பும், ஐடிலிங்கிலும் நிற்கும். முறுக்கினால்தான் மூச்சு முட்டும், கார்புரேட்டர் வழியே தும்மும். பெரிய போருக்குப் கார்புரேட்டரில் பெரிய மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) வேண்டும் என்பது உண்மை என்பதால் எல்லோரும் முதலில் கை வைப்பது ஜெட்டில். அடுத்து பிளக், அதற்கடுத்து ஸ்பார்க்கை நேரம் பார்த்து விடும் சிடிஐ. அதையும் நீங்களேதான் விற்கிறீர்கள், தங்க நிறத்தில்! அது ஏசி மின்சார வகையா, டிசி வகையா என்று பெட்டியில் போடுவதில்லை. மாற்றிப் பூட்டினால் ஸ்பார்க்கே வராது. கிக்கர் திருப்பி அடிக்கிறதென்றால் மேக்னட்டைக் கழற்றி, அதைத் தண்டில் நகராமல் பிடிக்கும் கீ அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கேம் சரியாக இருந்தாலும் இக்னிஷன் டைமிங் அங்கே கெடும். இதையும் யாரும் சொல்வதில்லை.

ஹெட்டோடு சேர்த்து விற்கும் கிட்டில் வால்வு நீளம் 64 மி.மீ.யா 69 மி.மீ.யா என்று போடாமல் விற்பதை என்னவென்று சொல்வது? பழைய ராக்கரும் கேமும் அதற்குப் பொருந்தாமல் போனால் டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடுவது) எப்படித் திருகினாலும் வராது. எஞ்சின் பெயரின் 139-ல் வரும் 39-லேயே போர் அளவு இருக்கிறது. அந்த அளவுக்குக்கூட உங்கள் பெட்டி வாய் திறப்பதில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒரு தாள்தான். குறிகளின் படம், டென்ஷனரை உள்ளிழுக்கும் முறை, டேப்பட் இடைவெளி, வால்வு நீளம், சிடிஐ வகை ஆகியவை அதில் இருந்தால் போதும். அடுத்த சரக்கிலாவது அந்தத் தாளை வையுங்கள். செலவு கூடும் என்றால் ஸ்டிக்கரை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கிட்டைப் பூட்டுகிறவர்கள்