பால்க் தீர்ப்பும் பிட்சரின் காலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் மதுரையில் பள்ளிகளுக்கு இடையே நடந்த பேஸ்பால் ஆட்டமொன்றில், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ரன்னர்கள் நின்றிருக்க, இடக்கைப் பிட்சரான (பேட்டருக்குப் பந்தெறிபவரான) மாணவன் வலது காலைத் தூக்கி, பார்வையைப் பேட்டர் மீதே வைத்தபடி முதல் பேஸை நோக்கிக் காலூன்றிப் பந்தை எறிந்தான். அம்பயர் உடனே பால்க், அதாவது பிட்சரின் விதிமீறிய அசைவு, என்று அறிவித்தார். அதனால் மூன்றாம் பேஸ் ரன்னருக்கு ரன் கிடைத்தது; அந்த ஒரு ரன்னில் ஆட்டமும் கைநழுவியது. காரணம் கேட்ட பயிற்சியாளரிடம், "பையன் ஏமாற்றினான்" என்றார் அம்பயர்.

ரன்னரை முறைகேடாக ஏமாற்றுவதைத் தடுக்கவே பால்க் விதி உள்ளது. ஆனால், ரன்னர் அசந்த நேரத்தில் அவரை மடக்குவதுதானே பிக்-ஆஃப்? பிட்சர் எங்கே பார்க்கிறார் என்பது குற்றமாகாது. ரப்பரை (பிட்சர் கால்வைத்து எறியும் பட்டையை) தொட்டு நிற்பவர் எறியுமுன் அந்த பேஸை நோக்கி நேராக அடி வைத்தாரா, முதல் பேஸுக்குத் தொடங்கிய எறிதலை முடித்தாரா என்பவையே கேள்விகள். இடக்கைப் பிட்சரின் கால் முதல் பேஸுக்கும், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவில் இறங்கும்போதுதான் உண்மையான சிக்கல் எழுகிறது. அதற்காகவே அம்பயர்கள் 45 பாகைக் கோடு ஒன்றை மனத்தில் வரைந்துகொள்கிறார்கள். கால் அதற்கு முதல் பேஸ் பக்கமாக ஊன்றினால் எறிதல் செல்லுபடியாகும். போனஸ் கோட்டருகே ரெய்டரின் பின்கால் மண்ணில் பட்டதா என்று குனிந்து பார்க்கும் கபடி நடுவர்களைக் கண்டு வளர்ந்த நம் ஊரில், இது புரியாத கணக்கல்ல.

ரப்பரைத் தொட்டிருக்கும் பிவட் காலை ரப்பருக்குப் பின்னால் எடுத்துவைத்துவிட்ட பிட்சர், மற்ற ஃபீல்டர்களைப் போன்றவர். அதன்பின் அவர் பேஸுக்கு எறிவதுபோல் பாவனை செய்தாலும் பால்க் இல்லை. அதே வேளையில், அந்நிலையில் எறிந்த பந்து ஆடுகளத்தைவிட்டு வெளியேறினால் ரன்னர்களுக்கு இரண்டு பேஸ்கள் கிடைக்கும். ரப்பரில் நின்று எறிந்திருந்தால் ஒன்றுதான். ஆகவே, கால் விலகியதா என்பதைக் கவனிக்காமல் எந்தத் தீர்ப்பையும் சரியாகச் சொல்ல முடியாது.

ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஒருவரை மட்டும் நிறுத்தி, ஸ்ட்ரைக்கையும் காலையும் அவரே பார்க்கட்டும் என்று விடுவது அவருக்கும் மாணவர்களுக்கும் அநீதி. அடுத்த போட்டிக்கு முன், பேஸ் அம்பயர் ஒருவரையேனும் கூடுதலாக அமர்த்துவதுடன், இடக்கை, வலக்கைப் பிட்சர்கள் இருவரையும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் எறியவைத்து அம்பயர்களுக்கு அரைநாள் பயிற்சி அளிக்குமாறும், பால்க் என்று அறிவிப்பவர் எந்த அசைவுக்காக அறிவித்தார் என்பதைப் பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும் என வலியுறுத்துமாறும் போட்டி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.